எல்லைக்கு அந்தப் பக்கம் கிடந்த பந்து

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதிப் பழகியவள் அல்ல. பத்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சாமான் சீட்டும் பிள்ளைகளுக்கு லீவு லெட்டரும்தான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் எனக்கு இன்றைக்கும் நாக்கு எழும்பாது. அப்படிப்பட்டவள் அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்திருப்பது கொஞ்சம் அதிகப்படி என்று எனக்கே தெரிகிறது.

அக்காவைப் பற்றி எழுதத் தெரிந்தவர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். அரசுப் பள்ளியில் வெறுங்காலோடு பந்து விளையாடியது, திருச்சியில் கல்லூரிக்குப் போனது, அங்கே எதிரணிப் பிள்ளைகள் அவளுடைய இடது காலைப் பார்த்துப் பயந்தது, பல்கலைக்கழக அணி, மாநில அணி, பிறகு இந்தியாவின் நீலச்சட்டை. எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பெயர் வாயில் நுழையாத தேசங்களில் எல்லாம் போய் அவள் கோல் போட்டிருக்கிறாள். கேப்டனாகவும் இருந்தாள். முழங்கால் போன பிறகு அரசாங்க வேலையில் உட்கார்ந்து, இப்போது சென்னையில் சின்னப் பெண்களுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறாள். இதெல்லாம் பத்திரிகையில் வந்ததுதான். எல்லாம் உண்மை.

ஆனால் எந்தப் பத்திரிகையை எடுத்தாலும் கடைசியில் ஒரு வரி வந்துவிடும். ‘அவர் விளையாடியதை அவருடைய தந்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.’ இது அக்காவே சொன்னதுதான். குறையாகச் சொல்லமாட்டாள். சிரித்துக்கொண்டே சொல்வாள். நானும் போன வைகாசி வரை அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றபடி அக்காவின் ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு என்ன தெரியும்? பந்து பொறுக்கிப் போட்டவள் நான், அவ்வளவுதான்.

எங்கள் ஊர் ஆலங்குடிக்கும் கீரமங்கலத்துக்கும் நடுவில், பஸ் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஊரை ஒட்டிக் குளம். குளத்தங்கரை மேல் அய்யனார் கோயில். குளத்தில் பாதி எங்கள் ஊருக்கு, மீதிப் பாதி பக்கத்து ஊருக்கு. முன்னொரு காலத்தில் மீன் பிடிப்பதில் இரண்டு ஊருக்கும் சண்டை வந்து, பெரியவர்கள் கூடி நடுக்குளத்தில் ஓர் எல்லைக்கல் நட்டிருந்தார்கள். மீன் இருக்கும் காலத்தில் கல் தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கும். கல் வெளியே தெரியும் காலத்தில் மீன் இருக்காது. அதனால் அந்தக் கல்லால் யாருக்கும் பெரிய பிரயோசனம் இருந்ததாகத் தெரியவில்லை.

கோடையில் குளம் காய்ந்து பாளம் பாளமாக வெடித்து, ஆட்கள் நடந்து நடந்து தரை இறுகிவிடும். அப்போது அதுதான் அக்காவின் மைதானம். கல்லுக்கு இங்கிட்டு, கரையடியில், ஒரு ஜோடி தைலமரக் கம்பு. கல்லுக்கு அங்கிட்டு, காட்டாமணக்குப் புதருக்கு முன்னால், இன்னொரு ஜோடி. நான்கையும் குழி தோண்டி நட்டது அக்காதான். அவள் ஆட்டத்தில் பாதி எங்கள் ஊரிலும் பாதி அடுத்த ஊரிலும் நடக்கும்.

எனக்கு அப்போது பத்து வயது. அவளுக்குப் பத்தொன்பது. கல்லூரி லீவில் வந்தால் தினமும் சாயங்காலம் குளத்துக்குப் போவோம். வீட்டிலிருந்து கிளம்பும்போது டவுசருக்கு மேல் பாவாடை கட்டியிருப்பாள். குளத்தில் இறங்கியதும் பாவாடையை அவிழ்த்து மடித்து என் கையில் கொடுப்பாள். இங்கிட்டுக் கம்பத்துக்குப் பின்னால், அந்தப் பாவாடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் நிற்பேன். பந்து என்னைத் தாண்டிப் போனால் ஓடி எடுத்துவந்து போடுவேன். இதுதான் என் வேலை. இதைவிடப் பெரிய வேலை உலகத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை.

அந்தச் சாயங்காலங்கள் இப்போதும் எனக்குக் கனவில் வரும். வெயில் சாய்ந்து தரை முழுக்க மஞ்சள் பூசினாற்போல இருக்கும். அக்கா கல்லடியிலிருந்து ஓடிவருவாள். அவள் காலில் பந்து இருக்கிறதா, பந்தின் பின்னால் அவள் போகிறாளா என்று சொல்ல முடியாது. அவள் நிழல் அவளுக்கு முன்னால் நீளமாக வந்து முதலில் என் காலைத் தொடும். பிறகு பந்தின் நிழல் வரும். அப்புறம்தான் பந்து வரும். உதைத்த சத்தம் எல்லாவற்றுக்கும் கடைசியில் கேட்டது போல ஒரு நினைவு. அப்படி நடக்க முடியாது என்று என் மகன் சொல்கிறான். எனக்கு அப்படித்தான் நினைவிருக்கிறது. கிளப்பிவிட்ட புழுதி கீழே இறங்காமல் அந்தரத்தில் நின்றுகொண்டிருக்கும். அதற்குள்ளிருந்து அவள் சிரிப்பாள். நான் அவளிடம் மட்டும்தான் பேசுவேன். பள்ளியில் எனக்கு ஊமைச்சி என்று பெயர். அதை ஒருநாளும் மறுத்துச் சொன்னதில்லை. மறுக்க வேண்டுமென்றால் பேச வேண்டுமே.

அப்பாவும் பேசாதவர்தான். நான் அவரைக் கொண்டு பிறந்தவள் என்பார்கள். கடலைக் கொல்லை, மோட்டார் கொட்டகை, வீடு, இதுதான் அவருக்குத் தெரிந்த உலகம். அய்யனார் கோயிலுக்குச் சாயங்காலம் விளக்குப் போடுவது எங்கள் பங்காளிகள் முறை. அப்பாதான் எண்ணெய்ச் சொம்போடு போவார். சில நாள் போன சுருக்கில் திரும்பிவிடுவார். சில நாள் நன்றாக இருட்டிய பிறகுதான் வருவார். ஒரு திரி போட இவ்வளவு நேரமா என்று அம்மா கேட்பாள். காற்று அணைத்துவிடுகிறது, காவல் இருக்க வேண்டியிருக்கிறது என்பார். அக்காவின் விளையாட்டைப் பற்றி அவர் நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆலங்குடியிலேயே அவளுக்கு ஒரு போட்டி நடந்தது. கடலைக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று அதற்கும் அவர் வரவில்லை.

அந்த வருடம் இந்திய அணிக்கான பயிற்சி முகாமுக்கு ஆள் எடுத்தார்கள். முதல் பட்டியலில் அக்கா பெயர் இல்லை. யாராவது விலகினால் கூப்பிடுவோம் என்று மட்டும் பயிற்சியாளர் சொல்லியிருந்தார். எங்கள் ஊரில் அப்போது போன் இருந்தது ரைஸ் மில்லில் மட்டும்தான். அக்கா அந்த நம்பரைக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். வந்ததிலிருந்து தினம் ஒரு சாக்குச் சொல்லி மில் பக்கம் போய்வருவாள். மில்லை நடத்தியவர் ஆலங்குடிக்காரர். காலையில் ஸ்கூட்டரில் வந்து இருட்டும்போது திரும்பிப் போவார். எங்களுக்கு அவர் மில்லு மாமா.

அதே சமயத்தில்தான் கோயில் திருவிழாவும் வந்தது. எங்கள் பக்கத்தில் காப்புக் கட்டுவது என்றால் எல்லோருக்கும் தெரியும். வெளியூரில் இருந்து படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். திருவிழா தொடங்கும் நாள் சாயங்காலம் கோயிலில் முறைகாரர் கையில் மஞ்சள் கயிறு கட்டுவார்கள். கட்டி முடித்த நொடியில் ஒரு வேட்டுப் போடுவார்கள். அந்த வேட்டுச் சத்தம் கேட்கும்போது ஊர் எல்லைக்குள் இருக்கிறவர்கள், எட்டு நாள் கழித்துக் காப்பு அவிழ்க்கும் வரை, வெளியூரில் ராத் தங்கக் கூடாது. வேலைக்குப் போக வேண்டியவர்கள் வேட்டுக்கு முன்னால் எல்லை தாண்டிவிடுவார்கள். வேட்டு நேரத்தில் வெளியே இருந்தவர்களுக்குக் கட்டுப்பாடு கிடையாது. அந்த வருடம் காப்புக் கட்டும் முறை அப்பாவுக்கு.

காப்பு அன்றைக்கு மத்தியானம், மாவிளக்குக்கு அரிசி அரைத்துவர அம்மா என்னை மில்லுக்கு அனுப்பினாள். மெஷின் சத்தத்துக்கு நடுவில் மில்லு மாமா என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டு, காதருகே குனிந்து கத்தினார். திருச்சியிலிருந்து போன் வந்ததாம். ஒரு பெண்ணுக்குக் கணுக்கால் பிசகிவிட்டதாம். அக்கா நாளைக்கு விடியற்காலை திருச்சி ஜங்ஷனில் இருக்க வேண்டுமாம். வராவிட்டால் அடுத்த பெண்ணைக் கூட்டிப்போய்விடுவார்களாம்.

“சொல்லிருவியா? வாயத் தொறப்பியா? இல்ல எழுதித் தரவா?” என்றார்.

தலையாட்டினேன். எதற்குத் தலையாட்டினேன் என்று அவருக்குத் தெரியாது.

மாவுப் பாத்திரம் இடுப்பில் சுடச்சுட இருந்தது. அந்தச் சூட்டோடு வீடு வரை யோசித்துக்கொண்டே நடந்தேன். அக்கா இரண்டு வருடமாகத் திருவிழாவுக்கு வரவில்லை. இந்த வருடம் என்னோடு சேர்ந்து முளைப்பாரி தூக்குவதாகச் சொல்லியிருந்தாள். காப்புக் கட்டிவிட்டால் யாரும் எங்கேயும் போக முடியாது என்று பெரியவர்கள் சொல்வது என் காதில் விழுந்திருந்தது. ஊரைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு மஞ்சள் கயிறு விழப்போகிறது, அதற்குள் அக்காவும் நானும் இருப்போம் என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். எனக்கு நன்றாக வரும் காரியம் அது ஒன்றுதான்.

வாசலிலேயே அக்கா கேட்டாள். “மில்லுல ஏதும் சொன்னாங்களாடி?”

இல்லை என்று தலையசைத்தேன். மாவை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கொல்லைப் பக்கம் போய்க் கோழிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் குளத்துக்குப் போனோம். கரை மேல் மேளம் கேட்டுக்கொண்டிருந்தது. கீழே இருந்து பார்த்தால் ஆலமரமும் மண் குதிரைகளின் கழுத்தும்தான் தெரியும். கோயில் வாசல் தெரியாது. அக்கா அன்றைக்கு வேறு மாதிரி ஆடினாள். ஒவ்வோர் உதையும் யாரையோ அடிப்பது போல இருந்தது. பிறகு எங்கள் பக்கத்துக் கம்பத்தடியில் நின்று பந்தை எதிர்ப்பக்கமாக ஓங்கி உதைத்தாள். அது கல்லைத் தாண்டி, அங்கிட்டுக் கம்பங்களுக்கு நடுவில் பாய்ந்து, காட்டாமணக்குப் புதருக்குள் போய் விழுந்தது.

அவள் அதன் பின்னால் ஓடவில்லை. பந்து போக அவள் ஓடாமல் நின்றதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

“இன்னைக்கு வரலைன்னா இனிமே வராதுடி. விடு. ஒன்னோட பாரி தூக்குறேன்” என்றாள்.

நான் ஆசைப்பட்டது அதுதான். ஆனால் அவள் அதைச் சொன்ன குரல் அக்காவின் குரலாக இல்லை. அவள் முதுகு குலுங்கியது. மஞ்சள் கயிறு ஊரைச் சுற்றி விழுவதற்குப் பதில் அவள் கழுத்தில் விழுந்துவிட்டது போல இருந்தது.

“அக்கா, மில்லுல…” என்று வாயைத் திறந்தேன்.

வேட்டு வெடித்தது. குளம் முழுக்க அந்தச் சத்தம் உருண்டு போய்த் திரும்பி வந்தது. கரையில் பெண்கள் குலவை போட்டார்கள். அதற்குப் பிறகுதான் நான் மிச்சத்தைச் சொல்லி முடித்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. “எப்ப சொன்னாங்க?” என்று மட்டும் கேட்டாள். மத்தியானம் என்றேன். என் கையிலிருந்த பாவாடையை வாங்கிக் கட்டிக்கொண்டு, வீட்டைப் பார்த்து ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். பந்து ஞாபகம் இரண்டு பேருக்குமே வரவில்லை.

அப்பாவும் பெரியப்பாவும் கோயிலிலிருந்து வந்தபோது அக்கா பையில் துணியைத் திணித்துக்கொண்டிருந்தாள். அப்பா கையில் மஞ்சள் கயிறும் அதில் கட்டிய மஞ்சள் துண்டும் ஈரமாக இருந்தன. பெரியப்பா சாமி காரியத்தில் மிகவும் கறாரானவர். விஷயத்தைக் கேட்டதும் வாசல்படியில் உட்கார்ந்து வழியை அடைத்துக்கொண்டார்.

“காப்புக் கட்டியாச்சு. இனி எட்டு நாளைக்கு யாரும் எங்கிட்டும் போகக் கூடாது” என்றார்.

“நாளைக்கு வெடியக்காலம் நான் அங்க இல்லைன்னா வேற ஆள எடுத்துக்குவாங்க பெரியப்பா” என்றாள் அக்கா.

“எடுத்துக்கட்டும். இந்தியாவுல ஆளா இல்ல? போன தடவ காப்புக்குள்ள ஒருத்தன் திருப்பூருக்குப் போனான். கால ஒடிச்சுக்கிட்டு வந்தான். நீ கால நம்பிப் பொழைக்கிற புள்ள. யோசிச்சுக்க.”

அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த அம்மா, இது அவளுடைய வாழ்க்கை என்று அப்பாவைப் பார்த்து ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். பெரியப்பா திரும்பிப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டாள். சேதி எப்போது வந்தது என்று அப்பா கேட்டார். “இப்பத்தான்ப்பா” என்றாள் அக்கா. என் பக்கம் திரும்பவே இல்லை.

அப்பா கொஞ்ச நேரம் தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அண்ணே, வேட்டுப் போட்டப்ப ஊருக்குள்ள இருந்தவுகளுக்குத்தானே காப்பு?” என்றார்.

“ஆமா. அதுல என்ன சந்தேகம்?”

“புள்ளைக கொளத்துல இருந்துச்சுக. கொளத்துல பாதி நம்ம ஊரு இல்லையே. எங்க நின்னுச்சுன்னு கேட்டுக்கிடுவோம்.”

பெரியப்பா யோசித்தார். முறை என்றால் முறைதான். அதில் அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டார், தனக்கும்கூட. ஆனால் அவளிடமே கேட்டால் அவளுக்குத் தோதாகத்தான் சொல்லுவாள் என்றார்.

“அவகிட்டக் கேக்க வேணாம். சின்னவகிட்டக் கேளுங்க. கூட இருந்தவ அவதான்” என்றார் அப்பா.

பெரியப்பா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார். “இதுகிட்டயா? இது பேசி நான் கேட்டதே இல்லையேப்பா. அதுவும் சரிதான். பொய் சொல்லவாச்சும் ஒரு வாய் வேணும்ல. இதுக்கு அதுவும் இல்ல.” பிறகு குனிந்து, சாமியிடம் குறி கேட்பது போல மெல்லக் கேட்டார். “சொல்லு ஆத்தா. வேட்டுப் போட்டப்ப ஒங்கக்கா கல்லுக்கு இங்கிட்டு நின்னாளா, அங்கிட்டு நின்னாளா?”

வீடே என் வாயைப் பார்த்தது. அதுவரை அப்படி யாரும் என்னைப் பார்த்ததில்லை. அக்கா மட்டும் பார்க்கவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று கண் காட்டக்கூட இல்லை. தலையைக் குனிந்து பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். இங்கிட்டு என்று உண்மையைச் சொன்னால் எட்டு நாளும் அவள் என்னோடு இருப்பாள். முளைப்பாரி தூக்குவாள். நான் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கம்பத்துக்குப் பின்னால் நிற்பேன். பந்து வரும்.

“அங்கிட்டு” என்றேன்.

“அங்கிட்டுன்னா?”

“அங்கிட்டுக் கம்பத்துக்கிட்ட. பந்து எடுக்கப் போயிருந்துச்சு.”

பெரியப்பாவிடம் நான் பேசிய முதல் வார்த்தைகள் அவைதாம். அவர் உடனே படியைவிட்டு எழுந்தார். “அப்ப அவளுக்குக் காப்பு இல்ல. போகட்டும்” என்றார். அதோடு நிற்கவில்லை. மில்காரர் கிளம்பிவிடப் போகிறார் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே தெருவில் ஓடி, அவரை ஸ்கூட்டரோடு வாசலுக்குக் கூட்டிவந்தார். எங்கள் ஊரிலிருந்து கடைசி பஸ் போய்விட்டது. ஆலங்குடி போனால் திருச்சிக்குப் பஸ் கிடைக்கும். மில்லு மாமா வெளியூர்க்காரர், அவருக்குக் காப்பும் இல்லை. அவர் என்னைப் பார்த்ததும், “ஏம்மா, மத்தியானமே…” என்று ஆரம்பித்தார். அதற்குள் அக்கா பின்னால் ஏறி உட்கார்ந்து, “மாமா, கெளம்புங்க, பஸ்ஸு போயிரும்” என்றாள்.

போகும்போது என்னை அருகில் கூப்பிட்டு, “எம்பேருக்கும் ஒரு சட்டி பாரி போடு. தண்ணிய மட்டும் ரொம்ப ஊத்திராத” என்றாள். அவ்வளவுதான். அப்பா வேப்பமரத்தடியில் நின்றார். காப்புக் கட்டிய கை இன்னொரு கைக்குள் இருந்தது. ஸ்கூட்டரின் சிவப்பு விளக்கு தெருமுனையில் திரும்பும் வரை நின்றுவிட்டு உள்ளே போனார்.

காப்புக் காலத்தில், அதுவும் காப்புக் கட்டிய வீட்டில், பொய் சொல்லியிருக்கிறேன். அந்த எட்டு நாளும் நான் பட்ட பாடு சொல்ல முடியாது. கோழிக்குச் சீக்கு வந்தாலும் என்னால்தான் என்று நினைத்தேன். அக்காவின் காலைக் காப்பாற்றும்படி தினமும் அய்யனாரைக் கும்பிட்டேன். எனக்கு வேண்டுமானால் நாக்கை எடுத்துக்கொள், அது அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை என்றும் சொல்லிப் பார்த்தேன். இரண்டு சட்டிப் பாரியும் ஒரே உயரத்துக்கு முளைத்தன. கடைசி நாள் அவள் சட்டியை அம்மா தூக்கினாள், என்னுடையதை நான் தூக்கினேன். மறுவாரம் அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. அவளை எடுத்துக்கொண்டார்களாம். நீலச்சட்டை கொடுத்திருக்கிறார்களாம், தோளில் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறதாம். பல வருடம் கழித்து, வெளிநாட்டில் ஒரு போட்டியில் அவளுக்கு முழங்கால் போன செய்தி வந்தபோது, எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்திருந்தார்கள். அப்போதும் என் காதில் முதலில் கேட்டது அந்த வேட்டுத்தான். போனில் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவளுக்கு ஞாபகமே இல்லை. “பைத்தியமாடி நீ? அன்னைக்கு நீ வாயத் தொறக்கலைன்னா எனக்கு ஏதுடி சட்டை?” என்றாள்.

அப்பா போய் நான்கு வருடம் ஆகிறது. முறை பெரியப்பா மகனுக்கு வந்திருக்கிறது. காப்புக் கட்டும்போது வீட்டுப் பெண் ஒருத்தி மஞ்சள் தட்டு ஏந்திப் பக்கத்தில் நிற்க வேண்டும். அது வரைக்கும் பெரியம்மா நின்றார்கள். போன வைகாசியில் அவர்களால் முடியாமல் போகவே என்னை நிற்கச் சொன்னார்கள். காப்பு நேரத்தில் கோயில் வாசலில் நான் நின்றது அதுதான் முதல் தடவை.

அண்ணன் கையை நீட்டினார். பூசாரி கயிற்றைச் சுற்றினார். காப்புக் கட்டிக்கொள்கிறவர் சாமிக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில், குளத்தைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். நானும் தட்டோடு அந்தப் பக்கமே பார்த்தேன். ஆலமரத்தின் அடியில் கிளைகளே இல்லை. மண் குதிரைகளின் கால்களுக்கு நடுவே குளம் முழுவதும் தெரிந்தது. தட்டில் வைத்துக் காட்டியது போலத் தெரிந்தது. எல்லைக்கல் தெரிந்தது. பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் இப்போது இரும்புக் கம்பம் நட்டிருக்கிறார்கள், அது தெரிந்தது. எங்கள் பக்கத்துக் கம்பம் நேர் கீழே, நான் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருந்தது. அதனடியில் இரண்டு சின்னப் பெண்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்கு ஜடையில் கட்டியிருந்த ரிப்பன் நிறம்கூடத் தெரிந்தது.

வேட்டு வெடித்தது. கையிலிருந்த தட்டு ஆடியது. பயந்துவிட்டேன் என்று நினைத்து அண்ணன் சிரித்தார்.

சில நாள் உடனே திரும்பிய அப்பா, சில நாள் இருட்டும் வரை விளக்குக்குக் காவல் இருந்த அப்பா. எந்த நாட்கள் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். கல்லூரி திறந்திருக்கும் மாதங்களில் காற்று விளக்கை அணைத்ததாக எனக்கு நினைவில்லை. காப்புக் கையோடு பொய் சொல்லக் கூடாது என்பது எங்கள் ஊரில் கண்டிப்பு. அப்பா பொய் சொல்லவில்லை. கேள்வி கேட்கச் சொன்னார், அவ்வளவுதான். யாரிடம் கேட்க வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். நான் என்ன சொல்லுவேன் என்று அவருக்குத் தெரிந்திருக்க முடியாது. உண்மையைச் சொல்லியிருந்தால் அதையும் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருப்பார். அத்தனை பெரியதை அவர் ஒரு பத்து வயதுப் பிள்ளையின் நாக்கில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். நானோ, அப்பாவையே ஏமாற்றிவிட்டேன் என்று பல வருடம் அவர் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டிருந்தேன்.

இதை அக்காவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. வாயால் சொல்ல வராது என்பதால்தான் எழுதினேன்.

அக்கா போன மறுநாள் காலை, அப்பா மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டு வந்து, பந்து அங்கிட்டுக் கம்பத்துக்குப் பின்னால் காட்டாமணக்குக்குள் கிடக்கிறது, பூச்சி பொட்டு இருக்கும், பார்த்து எடுத்துவா என்றார். பந்து புதருக்குள் விழுந்ததை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. போய் எடுத்துவந்தேன்.